ஐஸ் பெட்டியில் வைத்த இரத்தம்



இறுப்பிட்டியில் நான் பார்க்கப்போகும் வீடுகளில் ஒரு தங்கச்சியின் வீடும் ஒன்று. 2009இல் வன்னியில் ஷெல் துண்டு பட்டவள். அவளுடைய பெண்குழந்தை வளர்ச்சியில் பிந்தியிருந்தது. டவுண் சின்ட்ரோமாக இருக்கலாம், நிறமூர்த்தப் பரிசோதனை செய்து பாருங்கள் என்றார் வைத்தியர். மாமியாரோ, "ஷெல் பட்ட உடம்பு. அதுதான் பிள்ளை இப்பிடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தா.

குழந்தையின் இரத்தத்தைக் கொழும்புக்கு நானே கொண்டுபோனேன். வெயிலில் பழுதாகிவிடும் என்று பயந்து, மீன் கொண்டுபோவதுபோல ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வைத்தேன். "கலங்கள் வளரவில்லை, திரும்ப இரத்தம் வேண்டும்" என்று பதில் வந்தது. என் அறியாமையால் அந்தப் பிஞ்சுக் கையில் மறுபடியும் ஊசி ஏறியது.

பிறகுதான் விசாரித்து அறிந்தேன். செங்குழியங்களில் கரு இல்லை. ஆகவே வெண்குழியங்களில்தான் நிறமூர்த்தங்களைப் பார்க்கிறார்கள். கலம் பிரியும் நேரத்தில் மட்டுமே அவை எண்ணக்கூடியதாகத் தெரியும். இதற்காக வெண்குழியங்களை ஆய்வுகூடத்தில் உயிரோடு வளர்க்கிறார்கள். போஞ்சி இனத்து விதையின் சாறு அவற்றைப் பிரியத் தூண்டும் என்று 1960இல் கண்டறிந்தார்கள். நமது உடற்சூடான 37 பாகை செல்சியஸில் ஏறக்குறைய மூன்று நாள் வைக்கவேண்டும். சூடு குறைந்தால் பிரிவு மந்தமாகும். மிகக் கூடினால் கலங்கள் சாகும், நிறமூர்த்தங்களும் சேதமடையலாம். உறைந்தாலோ பனித்துகள்கள் கலத்தை உடைத்துவிடும்.

இரண்டாம் முறை ஐஸில் படாமலும் வெயில் படாமலும் கொண்டுபோனோம். இம்முறை முடிவு கிடைத்தது. 46க்குப் பதிலாக 47 நிறமூர்த்தங்கள், 21ஆவது ஒன்று கூடுதல். 1959இல் பிரான்சில் லெஜுன் என்ற வைத்தியர் வெளியிட்ட அதே உண்மை.

கருமுட்டையோ விந்தோ உருவாகும்போது ஏற்படும் பிரிவுத் தவறுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். தாயின் வயது ஏற ஏற வாய்ப்புக் கூடும். ஆனால் இளம் தாய்மாருக்கும் இப்படிப் பிறப்பதுண்டு. ஷெல் காயமோ, சாப்பாடோ, கிரகணமோ காரணமல்ல.

இதை மாமியாருக்கு இரண்டு தரம் விளங்கப்படுத்தினேன். அவ ஒன்றும் பேசவில்லை. பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டா. தங்கச்சி மட்டும், "அக்கா, இதை எழுதித் தாங்கோ" என்றாள். அவளுக்காகவே இங்கே எழுதுகிறேன்.

சகோதரிகளே, இப்பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தால், எந்தச் சூட்டில், எத்தனை மணிக்குள் சேர்க்கவேண்டும் என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.