படமும் பாடமும்

பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு (இயற்பியல்)

சென்னையில் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது, தொலைக்காட்சிப் பெட்டி வசதி படைத்தோர் வீட்டுப் பொருளாக இருந்தது. இன்று அது மாடி வீட்டிலும் உண்டு. ஓட்டு வீட்டிலும் உண்டு. மாதந்தோறும் பணம் கட்டி ‘எச்.டி.’ படம் பார்க்கும் காலம் இது. ஆனால், கதாநாயகன் வாய் திறக்கும் வேளையில் படம் கட்டம் கட்டமாகச் சிதறி உறைந்து நிற்பதும் வீட்டுக்கு வீடு காணும் காட்சியே. அப்போது நாம் செய்வது என்ன? பெட்டியின் தலையில் ஒரு தட்டு. கேபிள்காரருக்கு ஒரு போன். “பாக்ஸ் போச்சு, மாத்தணும்” என்று அவர் சொன்னால் மறுபேச்சின்றிப் பணம். இத்தனையும் செய்யும் நாம் சிந்திக்க மட்டும் மறந்துவிடுகிறோம்!

பழைய முறையில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளிகள் மழையாகப் பெய்யும். குறை மெல்ல மெல்லத் தெரியும். 2011ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்பின் கேபிள் ஒளிபரப்பு படிப்படியாக டிஜிட்டல் முறைக்கு மாறியது. இதில் படம் எண்களாக வருகிறது. வழியில் சில எண்கள் பிழைபட்டால் செட்-டாப் பாக்ஸே திருத்திக்கொள்ளும். திருத்தக்கூடிய எல்லையைப் பிழைகள் தாண்டிவிட்டாலோ படம் ஒரேயடியாகச் சரியும். மலை விளிம்பு வரை சமதளம். அடுத்த அடி பாதாளம்! “நேற்றுவரை நன்றாக இருந்ததே” என்பார்கள். நேற்றே நாம் விளிம்பில்தான் நின்றிருப்போம்.

விளிம்புக்கு நம்மைத் தள்ளுவது எது? ஒன்று, ஸ்பிளிட்டர். ஒரு கேபிளை இரண்டு அறைகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பாதித் திறனே கிடைக்கும். அதாவது 3 டெசிபல் இழப்பு. நடைமுறையில் அது 3.5 முதல் 4 வரை ஆகும். இரண்டு, கேபிளின் நீளம். அதிர்வெண் கூடக்கூட மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பிலேயே ஓடும், இழப்பும் கூடும். எனவேதான் சில சேனல்கள் மட்டும் உறைவதுண்டு. மூன்று, கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு. 75 ஓம் கேபிளில் வரும் அலை அங்கே பொருத்தம் கெட்டு, ஒரு பகுதி திரும்பி ஓடிவிடும். அதில் மழைநீரும் புகுந்தால் கேட்கவே வேண்டாம்.

இவற்றைக் கண்டறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை; வரிசைமுறை வேண்டும். முதலில், பக்கத்து வீட்டிலும் இதே கோளாறா என்று கேட்க வேண்டும். ஆமெனில் குறை பெரும்பாலும் வெளியேதான். அடுத்து, பாக்ஸின் மெனுவில் சிக்னலின் அளவையும் தரத்தையும் பார்க்க வேண்டும். பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு, கனெக்டர்கள் தளர்ந்துள்ளனவா, துருவேறியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஸ்பிளிட்டரை நீக்கி நேராக இணைத்ததும் படம் நின்றால் குற்றவாளி அகப்பட்டான்! உடனே பூஸ்டர் வாங்க ஓடுவது வீண். கெட்டுப்போய் வந்த சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே அது பெருக்கும். ஒன்று நினைவிருக்கட்டும்: கம்பத்தில் ஏறுவதும் தெருப் பெருக்கியைத் தொடுவதும் உயிருக்கு ஆபத்து, அவை நம் வேலையல்ல.

உறையாமல் மங்கலாகத் தெரிந்தால், பாக்ஸிலிருந்து டி.வி.க்குச் செல்லும் வயரைப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூவண்ண வயராக இருந்தால் எச்.டி. படம் வராது, எச்.டி.எம்.ஐ. வயர் வேண்டும். சாதாரணப் படத்தில் 720க்கு 576 புள்ளிகள்; எச்.டி.யில் 1920க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் சரியாக 5 மடங்கு! இந்த ஒரு வயரால், கட்டிய பணத்துக்குரிய படத்தைக் காணாத வீடுகள் எத்தனையோ!

“இது மெக்கானிக் வேலை, பட்டப்படிப்புக்கு இது எதற்கு?” என்று நண்பர்கள் கேட்கலாம். என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுப் படம் உறைந்தது. பாக்ஸை மாற்ற வேண்டும் என்றார் வந்து பார்த்தவர். அது என் தந்தையாருக்குப் பல நாள் கூலி. “காலேஜுல இதத்தானே படிக்கிற, என்னான்னு பாரேன்” என்றார் அவர். ஓட்டு விளிம்பில் நீர் சொட்டும் இடத்தில் இருந்த கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. சில ரூபாய்ப் பொருள். மாற்றியதும் படம் வந்தது. நம்மைப் படிக்க அனுப்பியவர்கள் நம் மதிப்பெண் பட்டியலைப் படித்துப் பார்க்க முடியாது. நம் படிப்பை அவர்கள் காண்பது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

கேபிள்காரரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. வெயிலிலும் மழையிலும் கூரை ஏறும் உழைப்பாளி அவர். “டி.வி. தெரியல” என்பதை விட்டு, “மூன்று சேனல் மட்டும் உறைகிறது, ஸ்பிளிட்டரை நீக்கியும் பார்த்தோம்” என்று சொன்னால் அவர் வேலையும் எளிதாகும், நம்மை ஏய்க்க நினைப்பவரும் சற்றே தயங்குவார்.

எனவே, பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு பிற்பகலேனும் நம் ஆய்வகத்தில் கேபிள், கனெக்டர், ஸ்பிளிட்டர் ஆகியவற்றைக் கையில் எடுத்துப் பழக வாய்ப்புத் தாருங்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும்போது, மரம் நடுவதோடு இந்த அறிவையும் ஊருக்குக் கொடுத்து வருவோம்.

மாணவத் தோழர்களே! டெசிபல் என்பது தேர்வுத்தாளில் எழுதிவிட்டு மறப்பதற்கான சொல்லன்று. நம் வீட்டுச் சுவரில் ஓடும் கேபிளுக்குள் இருக்கும் உண்மை. படம் உறையலாம்; படித்த பாடம் உறையலாகாது!