4558 ஐ.சி.யை மாற்ற வேண்டாம், பைபாஸ் செய்யுங்கள்

கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்க விலை குறைந்த கிளாஸ்-டி ஆம்ப்ளிபயர் வாங்குபவர்கள் அடுத்துச் செய்வது, அதிலுள்ள 4558 ஐ.சி.யைக் கழற்றிவிட்டு 5532 போன்ற வேறொன்றைப் பொருத்துவது. "சவுண்டே மாறிடுச்சு சார்" என்பார்கள். நானும் நம்பி, ஏலகிரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, திருப்பத்தூர் போய் ஐ.சி. வாங்கி வந்து மாற்றினேன். 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் அப்படியே இருந்தது. கீழே ஊர்களில் ஃபேன் சத்தத்தில் அது காதில் விழாது. மலையில் ராத்திரி ஃபேனே போடுவதில்லையே!

4558 ஒரு ஆப்-ஆம்ப். பேஸ், டிரெபிள் திருகுகளுக்காகவும், சிறிய சிக்னலைப் பெரிதாக்கவும் அதை வைக்கிறார்கள். ஆனால் கம்ப்யூட்டரின் லைன்-அவுட்டே சுமார் 1 வோல்ட் தருகிறது. என் போர்டில் இருப்பது டி.பி.ஏ.3116 சிப். அது 26 டெசிபலில், அதாவது 20 மடங்கு பெருக்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. 12 வோல்ட் அடாப்டரில் அதன் முழு ஓசைக்கு 0.4 வோல்ட் போதும். அப்படியிருக்க, முன்னால் இன்னொரு பெருக்கி எதற்கு? சுற்றியுள்ள ரெசிஸ்டர்களின் இரைச்சலையும் சேர்த்தல்லவா அது பெருக்குகிறது! எந்த ஐ.சி. போட்டாலும் இந்தக் கதைதான். போதாததற்குப் பெயர் மாற்றி அச்சடித்த போலி ஐ.சி.களும் சந்தையில் உண்டு.

எனவே 4558-ஐ எடுத்துவிட்டேன். வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலிலிருந்து ஷீல்டு வயர் ஒன்றை, பவர் சிப்புக்கு முன்னால் உள்ள கெப்பாசிட்டரில், ஆப்-ஆம்ப் பக்கத்துக் காலில் சாலிடர் செய்தேன். இரண்டு சேனலுக்கும் இப்படியே.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கெப்பாசிட்டரையும் சேர்த்துத் தூக்கிவிடாதீர்கள். சிப்பின் உள்ளீட்டுக் காலில் எப்போதும் டி.சி. வோல்டேஜ் இருக்கும், கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் ஸ்பீக்கருக்கே ஆபத்து. 1 மைக்ரோஃபாரட் போதும். சிப்பின் உள்ளீட்டுத் தடை 30 கிலோ ஓம் என்பதால் 5 ஹெர்ட்ஸ் வரை பேஸ் குறையாது. வால்யூம் கன்ட்ரோல் 50 கிலோ ஓம் என்றால் 10 கிலோ ஓமுக்கு மாற்றிவிடுங்கள். நான் முதலில் பழையதையே விட்டுவைத்தேன். கடைசிக் கால் சுற்றில்தான் ஓசை திடீரென்று ஏறியது. அதற்காக மறுபடியும் மலை இறங்கினேன்!

இரைச்சல் பெருமளவு அடங்கிவிட்டது. இசை தேனாக மாறிவிட்டதா என்றால், இல்லை. பேஸ், டிரெபிள் திருகுகளும் போய்விட்டன. எனக்கு அது நஷ்டமில்லை. ஈக்வலைசர் ஏ.பி.ஓ. என்ற இலவச சாப்ட்வேர் விண்டோஸிலேயே அந்த வேலையை இன்னும் துல்லியமாகச் செய்கிறது. சிக்னல் மிகக் குறைவாகத் தரும் பழைய கருவிகளை இணைப்பவர்கள் மட்டும் 4558-ஐ விட்டுவைக்கலாம்.

பேஸ் திருகு இப்போது எதனுடனும் இணைப்பில்லாமல் சும்மா சுற்றுகிறது. என் மகன் அதைக் கொஞ்சம் திருகிவிட்டு, "இப்பதான்பா நல்லா இருக்கு" என்கிறான்.