நீரில்லா ஊரில் நீர்விழா

கடந்த ஆடித் திங்களில், ஏழாம் வகுப்பு மாணவர்க்கு ‘ஆடிப்பெருக்கு’ என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை வரையுமாறு பணித்திருந்தேன். ஒரு மாணவன் இவ்வாறு எழுதியிருந்தான்: “ஆடிப்பெருக்கு என்பது ஆடி 18-ஆம் நாள் வீட்டையும் வாசலையும் நன்றாகப் பெருக்கிக் குப்பையைக் கொட்டும் நாள் ஆகும்.” அதனைப் படித்துக் காட்டியவுடன் வகுப்பே நகைத்தது. யானும் நகைத்தேன். அவன் மட்டும் நகைக்கவில்லை. “வேறு எதை ஐயா பெருக்குவது?” என்று கேட்டான்.

அவ்வினா அன்றிரவு என்னை உறங்க விடவில்லை. அவன் பிறந்தது இராமநாதபுரத்துச் சிற்றூர் ஒன்றில். ஆறு கரைபுரண்டு வந்ததை அவன் கண்டதில்லை. அவன் அறிந்த வைகை மணலும் முள்ளும். அவன் அறிந்த பெருக்கு துடைப்பத்தின் பெருக்கு. காணாத பொருளுக்குச் சொல் மட்டும் எவ்வாறு நெஞ்சில் நிற்கும்? பிழை அவனுடையதன்று; அவனுக்குச் சொல்லையும் கொடாமல் நீரையும் கொடாமல் விட்ட நம்முடையதே.

தமிழனுக்கு நீர்விழா வந்தேறிய ஒன்றன்று. கழக இலக்கியம் கற்றார் இதனை நன்கறிவர். பரிபாடலில் வையைக்கென அமைந்த பாடல்கள் 26 என்று பழைய வெண்பா ஒன்று கணக்கிடுகின்றது. நமக்கு எஞ்சியவற்றுள் முழுமையாய்க் கிடைப்பன 8 மட்டுமே. அவ்வெட்டிலேயே ஒரு பெருவிழாவின் முழு வடிவமும் இருக்கின்றது. மலையில் மழை பொழிகின்றது. வையையில் புதுவெள்ளம் வருகின்றது. கரை உடையுமோ என்று பறை முழங்குகின்றது. மதுரை மக்கள் ஆணும் பெண்ணும் யானையும் குதிரையும் ஏறித் துறைக்கு விரைகின்றனர். அங்கே அவர்கள் செய்வது வெறுங் களிப்பாட்டம் மட்டுமா? பொன்னாற் செய்த சங்கும் நண்டும் இறவும் வாளையும் ஆற்றிலே இட்டு, விளைச்சல் பெருகுக என வாழ்த்துகின்றனர். நண்டும் இறவும் வாழும் நீரே வயலுக்கு உயிர்நீர் என்னும் உழவனின் அறிவு அவ்வழக்கிற்குள் இருக்கின்றது. கடவுளரை வேண்டும் குரல் அப்பாடல்களில் உண்டு. எனினும் அங்கே கொண்டாடப்படும் முதற்பொருள் நீரே.

நல்லந்துவனார் பாடிய பதினோராம் பாடலில் தைந்நீராடல் வருகின்றது. கன்னிப்பெண்கள் தாயரோடு கூடி ஆடுதலின் அதனை அம்பாவாடல் என்றும் வழங்கினர். காவிரியின் கழார்த்துறைப் புனல்விழாவில் ஆட்டனத்தி நீரோடு போனமையும், ஆதிமந்தி அவனைத் தேடி அலைந்தமையும் அகநானூறு உரைக்கின்றது. புகார் நகரத்தாரின் கடலாட்டைச் சிலப்பதிகாரம் விரித்துரைக்கின்றது. ஆற்றுக்கு ஒரு விழா, குளிர்நீருக்கு ஒரு விழா, கடலுக்கு ஒரு விழா எனத் தமிழன் நீரின் ஒவ்வொரு நிலைக்கும் நாள் வகுத்திருந்தான்.

நம் கடற்கரையார் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டிய சான்று புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் உள்ளது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை வாழ்த்தும் நெட்டிமையார், அவன் முன்னோனாகிய நெடியோன் என்னும் பாண்டியனை, முந்நீர்க்கு விழா எடுத்தவன் என்று சிறப்பிக்கின்றார். கடல்தெய்வத்திற்கு எடுத்த விழா என்பது பழைய உரை. அதே பாட்டில், தென்புலத்தில் வாழும் முன்னோர்க்கு மைந்தர் ஆற்ற வேண்டிய கடனும் பேசப்படுகின்றது. இன்று இராமேசுவரத்தில் ஆடிக் காருவாவிலும் தைக் காருவாவிலும் பல்லாயிரவர் கடலாடி முன்னோர்க்கு நீர்க்கடன் கழிக்கின்றனரே, அவ்விரு செயல்களின் பெயரும் ஒரே தமிழ்ப்பாட்டில் இருத்தல் காண்க. அப்பாட்டு இராமேசுவரத்தைக் கூறவில்லை. இரண்டையும் ஒரே சடங்காகவும் இணைக்கவில்லை. அதற்கு மேல் நாமாக ஏற்றிக் கூறுதல் ஆகாது. ஆயினும் கடலுக்கு விழா எடுத்தலும் முன்னோரை நினைத்தலும் பாண்டிநாட்டுப் பழவழக்கங்கள் என்று நெஞ்சு நிமிர்ந்து கூறலாம்.

பின் என்ன நேர்ந்தது? பெயர் மாறிற்று. துறை ‘தீர்த்தம்’ ஆயிற்று. வடசொல்லாகிய தீர்த்தம் என்பதற்கும் முதற்பொருள் ஆற்றைக் கடக்கும் துறை என்பதே. அதே பொருளில் நம்மிடம் துறை என்னும் சொல் இருந்தது. அதனை விட்டுவிட்டு அதனைக் கொண்டோம். முந்நீர் என்றும் பரவை என்றும் பௌவம் என்றும் அழைக்கப்பட்ட கடல், இராமேசுவரத்தில் ‘அக்கினி தீர்த்தம்’ ஆயிற்று. அகநானூறு கவுரியர் என்னும் பாண்டியரின் பழைய துறையாகிய கோடியைக் கூறுகின்றது. அது நம் தனுசுக்கோடியே என்பது அறிஞர் பலர் கொள்கை. அப்பாட்டிலேயே இராமனின் நினைவும் வருகின்றது. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் ஊரின் பெயர் கோடிதான். கோடி என்றால் நிலத்தின் கடைமுனை. 1964 திசம்பரில் புயலும் கடலும் அம்முனையை விழுங்கிய பின்னும், அங்குள்ள மீனவர் நாவில் கோடி என்னும் அச்சொல் அழியவில்லை.

பெயர் மாறியதால் என்ன கெட்டது என்று கேட்பார் உளர். நீர்விழாவில் நீர் முதற்பொருள். தீர்த்தவிழாவிலோ தீவினை கழிதலே முதற்பொருள். நீர் அதற்கொரு கருவி. கருவி எதுவாயினும் என்ன? ஆறு வற்றினால் குழாய்நீரைத் தெளித்துக் கொள்ளலாம். இராமேசுவரக் கோயிலினுள் 22 கிணறுகள் உள. உப்புக்கடலால் சூழப்பட்ட மணல்தீவில், பெய்த மழைநீர் மணலுள் இறங்கி, உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதாலன்றோ அங்கே நன்னீர் ஊறுகின்றது! தீவில் வாழ்வார்க்கு அதனினும் பெரிய வியப்பு வேறில்லை. ஆனால் அக்கிணறுகளில் வரிசையாக நின்று தலையில் வாளிநீர் வாங்கி வருவாரிடம் கேட்டுப் பாருங்கள்: எக்கிணற்றில் குளித்தால் எத்தீவினை தீரும் என்பர். அந்நீர் அங்கு எவ்வாறு வந்தது என்று எண்ணியவர் மிகச் சிலரே.

இனிக் கடல்கடந்து சற்றே நோக்குவோம். கம்போடிய நாட்டில் கெமர் மக்கள் ஆண்டுதோறும் பெரும்பாலும் நவம்பர்த் திங்களில், வெள்ளுவாவை ஒட்டி 3 நாள் நீர்விழா எடுக்கின்றனர். அந்நாட்டில் தொன்லே சாப் என்னும் ஆறு உலகோர் வியக்கும் இயல்புடையது. மழைக்காலத்தில் மேக்காங் பேராறு பெருகி, அதன் நீர் இவ்வாற்றின் வழியே மேல்நோக்கி ஏறிப் பேரேரியை நிரப்பும். ஏரி பன்மடங்கு விரிந்து மீன்வளம் கொழிக்கும். மழை ஓய்ந்ததும் ஆறு மீண்டும் திரும்பிக் கீழ்நோக்கி ஓடும். அத்திருப்பத்தைக் கொண்டாடுவதே அவ்விழா. தலைநகராகிய புனோம் பென்னில் நீண்ட படகுகள் போட்டியிட்டு ஓடும். இரவில் விளக்கேற்றிய மிதவைகள் செல்லும். நிலவை வணங்கிப் புத்தரிசி அவலை வாழைப்பழத்தோடும் தேங்காயோடும் உண்பர். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சிக்கு வந்த ஏழாம் செயவர்மன், சாம்பர்களைப் படகுப்போரில் வென்றமையோடும் இதனை இணைத்துக் கூறுவர். பயோன் கோயிற் சுவரில் அப்படகுப்போர் இன்றும் கற்சிற்பமாய் நிற்கின்றது.

இவ்விழாவைப் பற்றிப் பேசப் புகும் நம்மவர் சிலர், ‘அவலைப் பார், விளக்கைப் பார், இது தமிழன் கொண்டுபோன விழாவே’ என்று முழங்கக் கேட்டிருக்கின்றேன். அவ்விழாவின் பெயர் ‘பொன் ஓம் தூக்’. இதில் ‘ஓம்’ என்பதைக் கண்டு வேதத்தை நினைப்பாரும் உளர். ‘தூக்’ என்பதைத் தோணியோடு முடிச்சுப் போடுவாரும் உளர். இரண்டும் பிழை. கெமர் மொழியில் ஓம் என்றால் துடுப்பு வலித்தல். தூக் என்றால் படகு. விழாவைக் குறிக்கும் பொன் மட்டுமே பாலி வழி வந்த சொல். ஒலி ஒத்தவையெல்லாம் உறவாகா. பிறர் நம் சொல்லைத் தமதென்றால் வெகுளும் நாம், பிறர் விழாவை நமதென்று கூறலாமா? உண்மையான உறவு வேண்டுமாயின் அதற்குச் சான்று உண்டு. காம்போச மன்னன் இராசேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு கூறுகின்றது. சயாம் அரசவைச் சடங்கொன்றில் நீராடற் பாட்டாகிய திருவெம்பாவை ஓதப்பட்டுவந்தது. வையை கடலோடு கூடும் இடத்தருகே உள்ள நம் அழகன்குளத்தில் தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும், உரோம நாணயங்களும், கப்பல் வரைந்த பானையோடும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள. இவை போதும், பொய்யால் மெய்க்கு முட்டுக் கொடுக்க வேண்டுவதில்லை.

கெமர் மக்களிடம் நாம் கற்க வேண்டுவது வேறு. அவர்கள் விழா நீரை நம்பி நிற்கின்றது. 2015-இல் மழை குறைந்து ஆற்றில் நீர் தாழ்ந்தபோது, விழாவையே நிறுத்தினர். நீர் இல்லையேல் விழா இல்லை என்னும் நாணம் அவர்களுக்கு இருந்தது. நம் நிலை என்ன? மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கென 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையிலிருந்து நீர் விடப்படுகின்றது. பரமக்குடியிலும் அழகர் இறங்குகின்றார். பல ஆண்டுகளில் மணலிலே இறங்குகின்றார். முன்னர் நீர் வந்ததால் விழா வந்தது. இன்று விழா வந்ததால் நீரை வரவழைக்கின்றோம். மறுநாள் மடையை அடைக்கின்றோம். வழிபடுவோரை யான் பழிக்கவில்லை. வற்றிய ஆற்றில் இறங்குகின்றோமே என்னும் கவலை, இறங்குவோர்க்கும் காண்போர்க்கும் இல்லாது போனதற்கே வருந்துகின்றேன்.

வையை எல்லா ஆறுகளையும் போல எளிதிற் கடலை அடைவதன்று. கண்மாய் கண்மாயாய் நிரப்பி, இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயை நிறைத்து, மிஞ்சினால் மட்டுமே ஆற்றங்கரை வழியாகக் கடலுக்குச் செல்லும். ஆற்றையே கண்மாய்களாக்கி உண்ட நாடு இது. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று இராசசிங்கமங்கலம் கண்மாயைப் பற்றி நம் பாட்டிமார் கூறுவர். நாரையும் ஒரே மூச்சிற் பறந்து கடக்கவொண்ணாத நீர்ப்பரப்பு என்பது பொருள். இன்று பல கண்மாய்களின் உள்வாய் முழுதும் சீமைக் கருவேல். அதன் கரிமூட்டம் ஏழைகள் சிலர்க்குக் கூலி தருகின்றது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் வரத்துக்கால் தூர்ந்து, கரை கரைந்து, கலிங்கு பெயர்ந்து கிடக்கும் கண்மாயில், வந்த மழையும் நில்லாது ஓடிவிடுகின்றது.

“நீரே இல்லை, சொல்லுக்கு என்ன அவ்வளவு கவலை?” என்று உடனாசிரியர் ஒருவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வியே. நீர் போன பின்தான் சொல் போகின்றது. ஆனால் சொல்லும் போய்விட்டால் நீரைக் கேட்பதற்கு ஆளிருக்காது. வரத்துக்கால் என்னும் சொல்லை அறியாத மகன், அதனை யாரோ மனையாக்கி விற்கும்போது எவ்வாறு தடுப்பான்? அவன் கண்ணுக்கு அஃதொரு வெற்றுப் பள்ளம். மடை, மதகு, குமிழி, கலிங்கு, உள்வாய், வரத்துக்கால் ஆகியவை புலவர் அகரமுதலிக்கு மட்டும் உரிய சொற்களல்ல. ஊரின் உடைமைப் பத்திரங்கள்.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஊர்ப் பெரியோர்க்கும் யான் முன்வைப்பது இது. காவிரிநாட்டார்க்கு ஆடியில் வெள்ளம் வரும். அவர்கள் ஆடி 18-ஐக் கொண்டாடுவது பொருத்தமே. நமக்கோ ஆடி வறண்ட திங்கள். நம் மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்வது; நம் கண்மாய் நிறைந்து தெளிந்து நிற்பது தையில். ஆகவே பரிபாடல் கூறும் தைந்நீராட்டே நம் நிலத்திற்கு ஏற்ற நீர்விழா. பொங்கலை ஒட்டி ஒரு நாள் ஊரார் அனைவரும் சாதி பாராது கண்மாய்க் கரையிற் கூடட்டும். முளைப்பாரி கரைக்கும் ஊர்கள் நம்மிடம் பல. அப்பெண்களின் கும்மியே விழாப்பாட்டாகட்டும். மடைகளின் பெயரை முதியோர் கூற, சிறுவர் எழுதிக்கொள்ளட்டும். அழைப்பிதழில் ‘தீர்த்தவாரி உற்சவம்’ வேண்டா. ‘நீராட்டு விழா’ என்று அச்சிடுக.

அவ்வாறாயின் ஆடி 18-இல் என்ன செய்வது? அதற்கு விடை என் மாணவன் கட்டுரையிலேயே இருக்கின்றது. மழைக்கு முன் வரத்துக்காலைப் பெருக்குவோம், முள்ளை அகற்றுவோம், கலிங்கைச் செப்பனிடுவோம். கண்மாய் வறண்டு கிடக்கும் அத்திங்களே அதற்குரிய காலம். அவன் எழுதிய பெருக்கு முந்தினால், நாம் எழுதச் சொன்ன பெருக்கு பிந்தி வரும்.

அன்று அவனுக்கு இட்ட சுழியை அடித்துவிட்டு, மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னும் முழு மதிப்பெண் இட்டேன். தமிழர்களே, அடுத்த ஆடிக்குள் உங்கள் ஊர்க் கண்மாயின் மடைகள் எத்தனை, அவற்றின் பெயர்கள் எவை என்று கேட்டு எழுதி வையுங்கள். துடைப்பத்தையும் மண்வெட்டியையும் அதன்பின் எடுக்கலாம்.