மூன்று நிமிட ஆலோசனையும் மூன்று கரண்டிச் சீனியும்

"சீனியைக் குறையுங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள், அடுத்த மாதம் வாருங்கள்."

எனக்கு நீரிழிவு என்று கண்டறியப்பட்டுப் பன்னிரண்டு வருடங்களாகின்றன. இக்காலத்தில் பல வைத்தியர்களின் வாயிலிருந்து இம்மூன்று வாக்கியங்களையும் கேட்டுவிட்டேன். வாக்கியங்களில் தவறேதுமில்லை. மருந்துச் சீட்டின் கடைசி வரியைப் போல அவை சொல்லப்படுவதும், கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வருவதும், அத்தோடு இரு தரப்பினரதும் கடமை முடிந்துவிட்டதாகக் கருதப்படுவதும்தான் தவறு. இப்பதிவு அந்தத் தவறைப் பற்றியது.

சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை போன்ற நமது கரையோர ஊர்களில் கிளினிக் நாள் எப்படி விடிகிறது என்பதை வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்குச் சற்றுச் சொல்ல வேண்டும். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு, வெறும் வயிற்றுடன், கிளினிக் கொப்பியையும் மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போக வேண்டும். உள்ளே இருக்கும் வைத்தியர் நான்கு மணித்தியாலத்தில் எண்பது பேரைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மூன்று நிமிடம். அதற்குள் கொப்பியைப் புரட்டி, பிரஷர் பார்த்து, மருந்தெழுதி, எஞ்சுகின்ற அரை நிமிடத்தில் ஒரு மனிதனின் ஆயுட்கால உணவுப் பழக்கத்தை மாற்றிவிட வேண்டும். இது எந்தப் பெரிய டாக்டராலும் ஆகாத காரியம். ஆகவே வைத்தியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. இந்நாட்டின் இலவச மருத்துவம் என்ற பெருங்கொடையைப் பழிப்பதும் நோக்கமன்று.

அந்த அரை நிமிட ஆலோசனையை, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய் போல நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அதைத்தான் மறுக்கிறேன்.

சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடைபெற்ற இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006 ஆம் ஆண்டு வெளியாகின. நீரிழிவின் வாசலில் நின்றுகொண்டிருந்த 531 பேரை நான்கு பிரிவுகளாக வகுத்துச் செய்த ஆய்வு அது. வழக்கமான பொது அறிவுரைக்கு மேல் எதுவும் வழங்கப்படாத பிரிவில் மூன்று வருடங்களுக்குள் 55 சதவீதத்தினர் நோயாளர்களாயினர். உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்யத் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் இது 39.3 சதவீதம். மெட்போர்மின் குளிசை மட்டும் உட்கொண்டவர்களில் 40.5 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் 39.5 சதவீதம். அதாவது, சோற்றுக் கோப்பையும் நடைச் செருப்பும் குளிசையோடு சரிசமமாக நின்றன. தூரத்து வெள்ளைக்காரர்களிடம் எடுத்த கணக்கல்ல இது. நம்மைப் போலவே சோறுண்ணும் தென்னாசிய உடல்களில் எடுத்த கணக்கு. (ஏற்கனவே நோய் வந்துவிட்ட என் போன்றோர் இதைப் படித்துவிட்டுக் குளிசையை நிறுத்திவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.)

உணவும் நடையும் இத்தனை வலிய மருந்தென்றால், அது ஏன் நமது ஊரில் வேலை செய்வதில்லை?

கிளினிக்கின் படலையைத் தாண்டி வெளியே வாருங்கள். முதலில் எதிர்ப்படுவது தேநீர்க் கடை. வெறும் வயிற்றோடு நின்ற களைப்பில் ஒரு பிளேன்டீ, அதில் மூன்று கரண்டிச் சீனி. ஒரு நாளில் அப்படி நான்கு தேநீர் குடிப்பவர், கரண்டிக்கு நான்கு கிராமென்று கொண்டாலும், 48 கிராம் சீனியைத் தேநீரிலேயே குடித்துவிடுகிறார். நாளொன்றுக்கு இரண்டாயிரம் கலோரி உண்ணும் ஒருவர் ஏறத்தாழ 50 கிராமுக்கு மேற்படாமலும், இயன்றால் 25 கிராமுக்குள்ளும் சீனியை நிறுத்திக்கொள்ள வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2015 இல் விடுத்த வழிகாட்டல். மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் காட்ட வேண்டுமென்ற விதி இலங்கையில் 2016 இல் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதிதான். ஆனால் தேநீர்க் கோப்பைக்கு எவர் நிறம் பூசுவது? "சீனி இல்லாமல் ஒரு டீ" என்று கேட்பவரை, "என்ன, வருத்தமா?" என்று கடை முழுவதும் கேட்க விசாரிக்கும் வழக்கத்துக்கு எந்த நிறம்?

அடுத்து நமது விருந்துகள். ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். அதில் நானும் குற்றவாளி.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்கு மூத்த நண்பர். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு கலியாண வீட்டில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்திருந்தோம். சோறு முடிந்து வட்டிலப்பம் வந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார். "சேர், ஒரு நாளைக்குத்தானே, ஒண்டும் செய்யாது" என்றார் வீட்டுக்காரர். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே ஆமோதித்தோம். அந்த வட்டிலப்பத்தை அவர் பக்கம் நகர்த்திய கைகளில் என் கையும் ஒன்று. அந்த ஒரு நாள் வாரத்தில் இரண்டு முறை வந்துகொண்டேயிருந்தது. பின்னொரு நாள் அவரது வலது காற்பெருவிரலில் ஒரு புண். உணர்வு மரத்த கால் என்பதால் வலி தெரியவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. பார்க்கச் சென்றபோது அவர் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது: "இந்தக் காலோட எத்தனை கலியாணத்துக்குப் போயிருப்பன் தம்பி. ஒருத்தரும் எனக்கு வேற ஒரு கோப்பை வைக்கல்ல."

டாக்டர் நடக்கச் சொல்கிறார். எங்கே நடப்பது? ஆண்களுக்குக் கடற்கரை இருக்கிறது. வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் சாய்ந்தமருதில் ஐம்பது வயதுத் தாயொருவர் எங்கே நடப்பார்? அக்கரைப்பற்று வீதியின் வாகன நெரிசலிலா? "இந்த வயதில் இவவுக்கு என்ன நடை?" என்று பார்க்கும் கண்களுக்கு நடுவிலா? அன்று நெல் குற்றியும், கிணற்றில் நீர் இறைத்தும் அப்பெண்களின் உடல் உழைத்தது. இன்று ஆலையும் குழாயும் அவ்வேலைகளைச் செய்கின்றன. உழைப்பு போனது, சோற்றின் அளவு போகவில்லை. "நமது மூதாதையர் சோறு தின்றுதானே திடகாத்திரமாக வாழ்ந்தார்கள்?" என்று வாதிடுவோருக்கு இதுவே பதில். அவர்கள் தின்றது தவிடு நீங்காத அரிசி. தின்றபின் இறங்கியது வயலுக்கு.

ஒரு வைத்தியர் நோயாளியை விட்டுவிட்டு ஊரையே சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டால் என்ன நிகழும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. பின்லாந்தின் வட கரேலியா மாகாணத்தில், நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பால் கொத்துக் கொத்தாக மடிந்துகொண்டிருந்தனர். 1972 இல் அங்கே அனுப்பப்பட்ட பெக்கா புஸ்கா என்ற வைத்தியர் அப்போது முப்பது வயதை எட்டாதவர். அவர் கிளினிக்கில் அமர்ந்து அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. மார்த்தா என்ற மாதர் அமைப்போடு சேர்ந்து கிராமம் கிராமமாகச் சமைத்துக் காட்டினார். இறைச்சி உற்பத்தியாளர்களிடம் கொழுப்பையும் உப்பையும் குறைக்கச் சொன்னார். பால்மாட்டுப் பண்ணையாளர்களைப் பழச்செய்கையின் பக்கம் திருப்பினார். நான்கு தசாப்தங்களில், உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் வீழ்ந்தது. வெண்ணெயில் மூழ்கிக் கிடந்த மக்கள் மாற முடிந்ததென்றால், கீரி மீனும் முருங்கைக் கீரையும் வல்லாரையும் வாசலில் கிடைக்கும் நம்மால் முடியாதா?

இலங்கையில் நிகழும் மரணங்களில் 83 சதவீதம் தொற்றா நோய்களால் என்று 2018 இல் உலக சுகாதார ஸ்தாபனம் கணித்தது. அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2011 முதல் நாடெங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களைத் திறந்து, இரத்தத்தில் சீனி, இரத்த அழுத்தம், உடற்பருமன் ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதிக்கிறது. அங்கே போனால் நீங்கள் காண்பது பெரும்பாலும் பெண்களையே. நமது ஆண்கள் கால் புண்ணாகிய பின்னரே வைத்தியசாலைக்கு வழி கேட்கிறார்கள்.

ஆகவே என் கோரிக்கைகள் இவை.

வைத்தியர்களே, மாதத்தில் ஒரு மாலை கிளினிக்கை விட்டு வெளியே வாருங்கள். மாதர் சங்கத்தின் சமையலறைக்கும் மீனவர் வாடிக்கும் வந்து பேசுங்கள். பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களே, வயிற்றை மூன்றாகப் பகுத்து உண்ணச் சொன்ன நபிமொழியை மிம்பரில் கேட்ட நாம், அதே வெள்ளியன்று மதியம் விருந்தில் அதை மறப்பதைக் கண்டியுங்கள். நோன்பு வருமுன் மருந்து நேரங்களை வைத்தியரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளும்படி அறிவியுங்கள். கலியாண வீட்டுக்காரர்களே, சஹனுக்குப் பக்கத்தில் சீனியில்லாத தேநீரும், ஒரு தட்டுப் பழமும், கீரைச் சுண்டலும் வையுங்கள். அது உங்கள் கண்ணியத்தைக் குறைக்காது. உள்ளூராட்சிக்குப் பொறுப்பானவர்களே, பெண்கள் அஞ்சாமல் நடப்பதற்கு வெளிச்சமுள்ள ஒரு பாதை தாருங்கள்.

பாகற்காய்ச் சாற்றைக் குடித்துவிட்டு மருந்தை வீசச் சொல்லும் கைத்தொலைபேசி வைத்தியர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களை நம்பிச் சிறுநீரகத்தை இழந்தவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கட்டும்.

எனது ஆசிரிய நண்பர் இப்போது பொய்க்காலோடு வாசலில் அமர்ந்திருக்கிறார். அவரது பேத்தியின் திருமணம் அடுத்த மாதம். அழைப்பிதழ் தந்தவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "பெரியவருக்கு வேறு ஒரு கோப்பை வைப்பீர்களா?" வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் அவர் பக்கத்திலேயே அமர்வேன். எனக்கும் அதே கோப்பைதான்.