கரிசக்காட்டுக்கு ஒரு மேப்!



கோயில் திண்ணையில் கரித்துண்டால் கோடு கிழித்து ஆடு புலி ஆட்டம் ஆடியிருப்பீர்கள். 3 புலி, 15 ஆடு, கோடுகள் சந்திக்கும் 23 இடங்கள். புலி எங்கே பாயும், ஆடு எங்கே மாட்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்தக் கோடுகள்தான். ஒரு கோட்டை அழித்துப் பாருங்கள், ஆட்டமே மாறிப்போகும்!

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடுவது. கதை நடக்கும் இடத்தை கிராப் ஷீட்டில் மேப்பாக வரைவார்கள். ஆமாம், வகுப்பில் நாம் அல்லாடுகிறோமே, அதே கிராப் ஷீட்!

ஹாஸ்டலில் நாங்களும் ஆடினோம். முதலில் நான் வரைந்தது பனிமலையும் கோட்டையும். "ஏலே, நீ பனிய எங்கடா பாத்த?" என்றான் அறை நண்பன்.

கேள்வி உறைத்தது. நம்ம கரிசக்காட்டையே வரைந்தேன். சித்திரையில் நிலம் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். குறுக்கே நடந்துவிடலாம், குடிக்கத்தான் தண்ணி கிடைக்காது. ஐப்பசி மழை விழுந்தாலோ மண் உப்பிப் போய் காலைக் கவ்வும். ரோட்டை விட்டு இறங்க முடியாது. ஒரே மேப், இரண்டு ஆட்டம்! மேப்புக்கு அழகு படத்தில் இல்லை நண்பர்களே. "இப்படிப் போவோமா, அப்படிப் போவோமா?" என்று ஆடுகிறவனைத் தவிக்க வைப்பதில் இருக்கிறது.

அதோடு விட்டானா? "கண்மாய்க்குத் தண்ணி எந்தப் பக்கமிருந்து வருது? நான் ஓடை வழியா உள்ள வாரேன்" என்றான். என் பென்சில் நின்றுவிட்டது. லெவலிங், கான்டூர் எல்லாம் படித்த சிவில் மாணவனுக்கு சொந்த ஊர் கண்மாயின் நீர்வரத்து தெரியவில்லை!

அந்த வாரமே ஊருக்குப் போய்த் தாத்தாவைக் கேட்டேன். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஓடை இருந்த தடமே தெரியாமல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. "படம் போடுறதுக்காவது கேட்டியே பேராண்டி" என்றார். இன்னமும் குத்துகிறது அந்தச் சொல்.

டிராயிங் ஹாலில் கொடுத்ததைப் பார்த்து வரைகிறோம், மார்க் விழுகிறது. விளையாட்டு மேப்பில் அது நடக்காது. ஆடுகிறவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று தெரியாததால் எல்லா வழியையும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 'வெறும் விளையாட்டுத்தானே' என்று சிரிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் கோலப்போட்டி, பாட்டுப்போட்டியோடு விளையாட்டு மேப் போட்டி ஒன்றும் வையுங்கள். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: அவரவர் ஊரைத்தான் வரைய வேண்டும். ஓடையை விட்டுவிட்டவருக்குப் பரிசு கிடையாது!

– மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்