மேய்ச்சற்றரையைக் குனிந்து பார்ப்போம்

பால் குறைந்தால் நாம் முதலில் மாட்டையே குறை சொல்கிறோம். அடுத்து நல்லினக் காளை, தீன், கடன் என்று பேச்சுப் போகிறது. மாடு நிற்கும் தரையைக் குனிந்து பார்ப்பவர் குறைவு.

தரை தன் நிலையை மறைப்பதில்லை. புற்களுக்கிடையே மொட்டைத் திட்டுகள் பெருகுவது முதல் அடையாளம். புல்லின் அடி மேடாகி வேர் வெளியே தெரிந்தால், சுற்றியிருந்த மேல்மண் கழுவுண்டு போய்விட்டது. அறுகு குறைந்து, மாடு தொடாத தகரையும் பாத்தீனியமும் பரவினால் மேய்ச்சல் அளவு மீறிவிட்டது. மாரியிலும் சாணம் வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால், அதைப் புதைக்கும் வண்டுகள் குறைந்துவிட்டன. ஈர மண்ணில் அலவாங்கு இறங்க மறுத்தால், குளம்பு பட்டு மண் இறுகியிருக்கிறது.

மட்டக்களப்பில் பெரும்போக வேளாண்மை தொடங்கியதும் பட்டிகள் மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் கொண்டுசெல்லப்படுவது வழக்கம். அங்கு அத்துமீறிய பயிர்ச்செய்கையை நிறுத்தக் கோரி, 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். அது நியாயமான கோரிக்கை என்பதே எமது நிலைப்பாடு. ஆனால் நிலம் சுருங்கும்போது மாடுகளின் தொகை தானாகச் சுருங்குவதில்லை. எஞ்சிய தரையில் புல் எழும்ப முதலே மறுபடியும் கடிபடுகிறது. இலை போனால் வேர் குறுகும். வேர் குறுகினால் மழைநீர் ஊறாது, ஓடிவிடும். இப்படி மொட்டையாகிய நிலத்தைத் 'தரிசு' என்று சொல்லி வேறு தேவைக்குக் கொடுப்பது இலகு. ஆகவே நிலத்துக்காகக் குரல் கொடுப்பதும் நிலத்தைப் பேணுவதும் ஒரே வேலையே.

தரையில் ஒரு பகுதியையாவது மாரியில் சில வாரம் மறித்து ஆறவிட வேண்டும். "நான் மறித்தால் அடுத்தவன் மாடு தின்றுவிடுமே" என்பார்கள். உண்மைதான். அதனாலேயே இது தனியாள் வேலையன்று. பண்ணையாளர் சங்கம் கூடி முடிவெடுக்க வேண்டியது.

ஒவ்வொரு சங்கமும் நாலைந்து இடங்களைக் குறித்து, மாரி முடிவிலும் கோடை முடிவிலும் அதே இடங்களைப் பார்த்துக் கொப்பியில் எழுதி வைக்கட்டும். மொட்டைத் திட்டு கூடியதா, குறைந்ததா? அறுகு மீண்டதா? இதற்குப் பணம் வேண்டியதில்லை. நாளை அதிகாரிகள் முன் பேசும்போதும் அந்தக் கொப்பி எமக்குத் துணை நிற்கும்.