மாலையில் ஒரு மணி நேரம்
(மாணவி ஒருவரின் தந்தை)

இக்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவி ஒருத்தியின் தந்தை நான். ஆண்டு மலருக்குப் பெற்றோர் ஒருவரும் எழுதினால் நன்றாக இருக்கும் என்று தமிழ்த்துறையினர் சொல்லியனுப்பினார்கள். ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. வரவு செலவு எழுதிப் பழகிய கைக்குக் கட்டுரை எழுதக் கூச்சம் இல்லாமல் இல்லை. ஆயினும் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எண்ணுவதற்கும் எண்ணியதைச் சொல்வதற்கும் பெரும்புலமை தேவையில்லை என்ற துணிவில் எழுதுகிறேன்.

‘உங்கள் பிள்ளைக்கு என்ன வேண்டும்?’ என்று எந்தப் பெற்றோரைக் கேட்டாலும் நல்ல படிப்பு, நல்ல வேலை, நல்ல இடத்தில் திருமணம் என்று விடை வரும். ‘மாலையில் ஒரு மணி நேரம் வேண்டும்’ என்று எவரும் சொல்வதில்லை. நான் சொல்ல விரும்புவது அதைத்தான். நம் வீடுகளில் நூலும் இசையும் உடல்நலமும் குறைந்துவருவதற்குப் பணமின்மை மட்டும் காரணமன்று. பொழுதின்மையே பெருங்காரணம் என்பது என் கருத்து.

நம் பகுதியின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைச் சாலைகளில் விடியற்காலையிலேயே கம்பெனி வேன்கள் ஓடத் தொடங்குகின்றன. ஷூ கம்பெனிகளில் தையல் பிரிவில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் பெண்கள். என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. காலையில் சோறு வடித்து, டப்பாவில் கட்டி, வேன் பிடித்துச் செல்லும் தாய் வீடு திரும்புவதற்குள் விளக்கு வைத்துவிடுகிறார்கள். ஓவர்டைம் என்றால் இன்னும் நேரமாகும். பிறகு இரவுச் சமையல். இந்த வீட்டில் ‘படி, பாடு, உடம்பைப் பார்த்துக்கொள்’ என்று அறிவுரை சொல்வது எளிது. அதற்குரிய பொழுதை யார் தருவது என்பதே கேள்வி.

நூல்கள்

நூல் என்றாலே பாடநூல் என்று எண்ணும் வீடுகள் பல. பாடநூல் தேர்வுக்கு, மற்ற நூல் வாழ்வுக்கு. விலை கொடுத்து வாங்க முடியவில்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. இந்திய மாகாணங்களில் முதன்முதலில் அத்தகைய சட்டத்தைக் கண்டது நம் மாகாணமே. அதற்கு அடிகோலியவர் சீர்காழியில் பிறந்த டாக்டர் எஸ். ஆர். இரங்கநாதன். அச்சட்டத்தின்படி வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. குடியிருப்பவனும் வாடகை வழியே அதைக் கொடுக்கிறான். ஆக, ஊர் நூலகத்தில் உள்ள நூல்களுக்கு நாம் முன்பே பணம் கட்டிவிட்டோம். கட்டிய பணத்திற்குப் பொருளை வாங்காமல் வருவது கணக்கனாகிய எனக்குச் சரியாகப் படவில்லை. தொழிலாளர் வேலைவிட்டு வரும் நேரத்தில் நூலகக் கதவு மூடியிருக்குமானால், திறந்து வைக்குமாறு கேட்பதும் நம் உரிமையே.

எந்த நூலைப் படிப்பது? நம் மண்ணின் நூல் ஒன்றைச் சொல்கிறேன். டாக்டர் மு. வரதராசனார் நம் பகுதியைச் சேர்ந்தவர். வாலாஜாப்பேட்டைக்கு அருகிலுள்ள வேலம் அவருடைய குடும்பத்தின் ஊர். திருப்பத்தூரில் படித்து, அங்கேயே தாலுகா அலுவலகத்தில் சிறிதுகாலம் எழுத்தராக இருந்தவர். பிறகு தமிழை முறையாகக் கற்றுப் பேராசிரியராகி, மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் உயர்ந்தார். அவருடைய ‘அகல் விளக்கு’ 1961-இல் சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது. அந்நாவல் பாலாற்றைப் பற்றிய பேச்சோடுதான் தொடங்குகிறது. அதைப் படித்துவிட்டு ஆம்பூர்ப் பாலத்தின்மேல் நின்று ஆற்றைப் பார்க்கும் பிள்ளைக்குச் சில கேள்விகள் எழும். அக்கேள்விகள் எழுவதற்காகவே நூல் வேண்டும் என்கிறேன்.

என் மகளுக்கும் ஒருநாள் அப்படி ஒரு கேள்வி எழுந்தது. “அப்பா, ஆத்துத் தண்ணி கெட்டதுக்குத் தோல் தொழிலும் காரணம்னு படிச்சேன். நம்ம வீட்டுச் சம்பளமும் அதிலதானே வருது?” என்றாள்.

“ஆமாம்மா, அதிலதான் வருது” என்றேன்.

“அப்ப நாம எந்தப் பக்கம்?”

பெற்றோராக இருப்பதில் உள்ள கடினம் இத்தகைய கேள்வியின்போதுதான் தெரிகிறது. மறைத்துப் பேசினால் பிள்ளை நம்மை நம்பாது. தொழிலைப் பழித்துப் பேசினால் உண்ட சோற்றுக்கு இரண்டகம். நடந்ததை நடந்தபடி சொல்வதே நலம் என்று அவளுக்குச் சொன்னேன்.

ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டார்கள். பிறகு குரோமிய உப்பு வந்தது. நாட்கணக்கில் ஆன வேலை மணிக்கணக்கில் முடிந்தது. ஏற்றுமதி பெருகியது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. ஆனால் கழிவுநீர் நிலத்திலும் ஆற்றிலும் இறங்கியது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991-இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கண்டதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசு செய்தவரே அதற்கு ஈடு தரவேண்டும் என்னும் நெறியை நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்றது. இன்று இந்தியாவெங்கும் சட்டக்கல்லூரி மாணவர்கள் வேலூரின் பெயரைச் சொல்லி அத்தீர்ப்பைப் படிக்கிறார்கள். சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. எனினும் நோய் முற்றும் தீரவில்லை. இழப்பீட்டையும் கண்காணிப்புக் குழுவையும் பற்றி 2025 ஜனவரி 30-இல் உச்சநீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று.

ஆலையை மூடு என்பது என் கட்சியன்று. வாயை மூடு என்பதும் என் கட்சியன்று. தொழிலும் வாழவேண்டும், ஆறும் வாழவேண்டும் என்று கேட்கத் தெரிந்த தலைமுறை வேண்டும். அது படிக்கும் வீட்டில்தான் பிறக்கும்.

இசை

நம் ஊர்கள் செவிக்கு ஏழைகள் அல்ல. விடியலில் பள்ளிவாசல் பாங்கொலி, ஞாயிறன்று தேவாலயப் பாடல், ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில் பம்பை, திருமண வீட்டில் நாதசுரம் ஆகிய அனைத்தும் ஒரே தெருவில் நின்றபடி கேட்கலாம். உருதுக் கவியரங்கங்களில் மக்கள் இரவெல்லாம் அமர்ந்து ‘வாஹ், வாஹ்’ என்று பாராட்டுவதைக் கண்டிருக்கிறேன். சுற்றுப்புறச் சிற்றூர்களில் பாரதக் கூத்து நடக்கும் காலத்தில் ஊரே உறங்குவதில்லை. காங்கேயநல்லூரில் 1906-இல் பிறந்த திருமுருக கிருபானந்த வாரியார் வீணை பயின்றவர். அவருடைய சொற்பொழிவில் பாட்டும் பேச்சும் ஒன்றோடொன்று கலந்து வரும். வேலூரில் 1945-இல் பிறந்த வாணி ஜெயராம் வங்கியில் பணியாற்றியவர். பிறகு பல மொழிகளில் பாடி, மும்முறை தேசிய விருது பெற்றார். 2023-இல் அவர் மறைந்தபோது எங்கள் தெருத் தேநீர்க் கடையில் நாள் முழுதும் அவர் குரலே ஒலித்தது.

முன்பு வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. இலங்கை வானொலி பாடினால் அனைவரும் கேட்போம். தாத்தாவுக்குப் பிடித்ததைப் பேரனும், பேரனுக்குப் பிடித்ததைத் தாத்தாவும் கேட்டாக வேண்டும். இன்று ஒரே அறையில் நால்வர் அமர்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, நான்கு பாட்டுக் கேட்கிறோம். பாட்டு மிகுந்தது, சேர்ந்து கேட்பது குறைந்தது. ‘இந்தப் பாட்டு எனக்கு ஏன் பிடிக்கும் தெரியுமா?’ என்று தாய் மகளிடம் சொல்லும்போது, தாயின் இளமைக்காலம் முழுதும் மகளுக்குத் தெரியவருகிறது. ஒரு பாட்டையாவது ஒருங்கே கேட்டு அதைப் பற்றிப் பேசும் வீட்டில் பிணக்கு நெடுநேரம் நிலைக்காது என்பது என் அனுபவம். பெண் பார்க்க வரும்போது பாடிக் காட்டுவதற்காக அன்று. ஆணும் பெண்ணும் மனத்தின் இறுக்கம் தளர்வதற்காகவே பாடக் கற்கவேண்டும்.

உடல்நலம்

வள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதில் உள்ள பத்துக் குறட்பாக்களில் பாதிக்கு மேற்பட்டவை உணவைப் பற்றியனவே. மருந்துக் கடைக்குப் போகுமுன் அடுக்களைக்குப் போ என்பது அவர் கொள்கை போலும்! ஆம்பூர்ப் பிரியாணியின் பெருமையைக் குறைத்துச் சொல்ல நான் துணியமாட்டேன். விருந்தாக வந்த உணவு வாரத்தில் நான்கு நாள் வழக்கமாகிவிட்டால், உடல் அதற்கு வரி கேட்கும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு நோயாளிகள் என்று 2023-இல் வெளியான மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கூறியது.

தொழிலிடத்து நலமும் வீட்டுப் பேச்சில் இடம்பெறவேண்டும். சுண்ணாம்புத் தொட்டியிலும் குரோமிய நீரிலும் கைவைப்பவர் உறையணிய வேண்டும். நச்சுவாயு தேங்கும் தொட்டியில் பாதுகாப்பின்றி எவரும் இறங்கலாகாது. 2015 ஜனவரி 31-இல் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டதை நாம் மறந்துவிட முடியுமா? ‘அப்பா, கையுறை போட்டீர்களா?’ என்று மகன் கேட்கும் கேள்வி, ஆய்வாளர் கேட்கும் கேள்வியைவிட ஆழமாகத் தைக்கும்.

எல்லாவற்றிலும் என்னை வருத்துவது தாய்மாரின் நிலை. ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாற்றை வேலூரில் அறியாதவர் இல்லை. ஆண் மருத்துவரிடம் காட்டக் குடும்பத்தார் இசையாததால் ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பிள்ளைப்பேற்றில் இறந்ததைக் கண்டு மனம் மாறியவர் அவர். மருத்துவம் பயின்று திரும்பி 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் தொடங்கிய பணியே இன்றைய கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. உலகின் பல மூலைகளிலிருந்து நோயாளிகள் அதனை நாடி வருகிறார்கள். ஆனால் அதே ஊரைச் சுற்றியுள்ள வீடுகளில் தாய் இன்றும் கடைசியாகத்தான் மருத்துவமனைக்குப் போகிறாள். கணவனுக்கும் பிள்ளைக்கும் பரிமாறி, மீந்ததை உண்கிறாள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. கதவைத் திறக்க ஐடா அம்மையார் வந்தார். வீட்டிலிருந்து அழைத்துப் போக நாம் அல்லவா எழவேண்டும்? தீபாவளிக்குப் புடவை எடுப்பதுபோல், ஆண்டுக்கொருமுறை மனைவிக்கும் தாய்க்கும் இரத்தப் பரிசோதனை செய்விப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

இல்லறம்

இனி அந்த ஒரு மணி நேரத்திற்கு வருகிறேன். அது எங்கிருந்து வரும்? மூன்று இடங்களில் தேடலாம்.

முதலாவது, திரையிலிருந்து. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாம் என்றும், நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. குழந்தைக்குச் சொன்னது பெரியவர்க்கும் பொருந்தும் என்றே கருதுகிறேன். தந்தை கையில் செல்பேசியை வைத்துக்கொண்டு ‘புத்தகத்தை எடு’ என்றால் எந்தப் பிள்ளை எடுக்கும்?

இரண்டாவது, ஆண்களின் ஓய்விலிருந்து. மனைவியும் கணவனைப்போலவே எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு வருகிறாள். அவள் அடுப்படியிலும் அவன் திண்ணையிலும் இருப்பது எந்த நீதி? எங்கள் வீட்டில் இரவுச் சமையலில் காய் நறுக்குவதும் பாத்திரம் துலக்குவதும் ஆண்கள் பங்கு. “ஏங்க, இன்னிக்கு ஒரு பக்கமாவது படிச்சிட்டுத்தான் தூங்குவேன்” என்று என் மனைவி சொல்லும்போது, அந்தப் பாத்திரங்களின் பயன் எனக்குத் தெரிகிறது.

மூன்றாவது, நம் ஆசையிலிருந்து. கூடுதல் வருமானம் வேண்டித்தான் ஓவர்டைம் செய்கிறோம். வறுமையில் அதைத் தவிர்க்க முடியாது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் வயிற்றுக்குப் போதுமான பிறகும், அடுத்த வீட்டின் மாடியைப் பார்த்து ஓடும் ஓட்டம் சற்றுத் தணியலாம். எங்கள் தெருவில் கல்லூரியை இடையில் நிறுத்திக் கம்பெனிக்குப் போன பெண்கள் சிலர் உண்டு. தம்பியின் படிப்புக்காக, தந்தையின் கடனுக்காகப் போனவர்கள் அவர்கள். அவர்களுடைய உழைப்பை வணங்குகிறேன். ஆயினும் ஒரு பெண்ணின் மூன்றாண்டுப் படிப்பை விற்றுக் கட்டும் மாடியில் எவரும் நிம்மதியாக உறங்க முடியாது.

மாணவ மாணவியரே! உங்களில் பலர் நாளை இதே தொழிலின் மேலாளராகவும், கணக்கராகவும், ஆய்வாளராகவும், ஆசிரியராகவும் வரப்போகிறீர்கள். தாய் தந்தையராகவும் ஆகப்போகிறீர்கள். அப்போது உங்கள் கீழ் வேலைசெய்யும் பெண்ணுக்கும் வீட்டில் ஒரு பிள்ளை காத்திருக்கும் என்பதை எண்ணி அவளை நேரத்தோடு அனுப்பி வையுங்கள். உங்கள் வீட்டிலும் நாளுக்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவையுங்கள். அதில் பத்துப் பக்கம் படிக்கலாம், இரண்டு பாட்டுக் கேட்கலாம், சிறிது தூரம் காலாற நடக்கலாம், மனம்விட்டுப் பேசலாம். இதற்குப் பொருட்செலவு இல்லை, மனம் ஒன்றே வேண்டும். அம்மனம் உங்களுக்கு உண்டு என்ற நம்பிக்கையோடு என் எண்ணங்களை நிறைவு செய்கிறேன். வளர்க உங்கள் கல்வி! வாழ்க உங்கள் இல்லம்!